சுருங்காத பட்டையும் நாலு கிலோ லென்ஸும்

கோயிலுக்கு எதிரே இருந்த மூன்று மாடி குடோனின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். கேட்டில் கிளம்பும்போது என் இடுப்பளவில் தொங்கிய லென்ஸ், முதல் மாடியில் தொடைக்கு வந்தது. இரண்டாவது மாடியில் முழங்காலை முட்டியது. மூன்றாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில் படியிலேயே இடித்து ‘டங்’ என்றது.

பின்னால் வந்த ஜெபராஜ் நின்றுவிட்டான். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவன்தான் சாம்பிள் தைக்கும் மாஸ்டர். ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

“அண்ணாச்சி, நீங்க மேல ஏறுதீங்க. அது கீழ எறங்குது.”

தோளிலிருந்து தொங்கிய பட்டையைப் பார்த்தேன். அன்று காலை உள்ளங்கை அகலத்தில் கம்பீரமாக இருந்த பட்டை, இப்போது சுண்டுவிரல் அகலத்தில் பாம்பு மாதிரி நீண்டு கிடந்தது. ஒவ்வொரு படிக்கும் லென்ஸ் ஒருமுறை கீழே போய், யோசித்து, மேலே வந்தது.

வெளியே மேளம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முருகன் கோயில் கும்பாபிஷேகம். இன்னும் சற்று நேரத்தில் கோபுரக் கலசத்தில் தீர்த்தம் விழும். தீர்த்தக் குடத்தைத் தாங்கிப் பிடிக்க, மூங்கில் சாரத்தில் என் மாமனார் ஏறிக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் படம் பிடிப்பதாக வாக்குக் கொடுத்தவன் நான்.

ஆக, மாமனாரின் முகம் அப்போது என் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால், என் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

முழங்கைக்காரர்

என் மாமனார் ஆறுமுகம், தறியிலிருந்து பனியனுக்கு வந்த குடும்பம். வீட்டில் எது நடந்தாலும் முதல் பத்திரிகை முருகனுக்குத்தான். போன கும்பாபிஷேகத்தின்போதும் அவர்தான் கமிட்டித் தலைவர். போன தடவையும் குடத்தைத் தாங்கினார். கீழேயிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் படமும் எடுத்தார்.

படத்தில் கலசம் இருந்தது. சிவாச்சாரியார் இருந்தார். குடம் இருந்தது. இடது ஓரத்தில், குடத்துக்குக் கீழே, ஒரு முழங்கை இருந்தது. அதுதான் என் மாமனார்.

மனிதர் அதையும் விடவில்லை. பெரிதாகக் கழுவி, சட்டம் போட்டு, நடுவீட்டில் மாட்டிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று, காபி வருவதற்கு முன்னால் எனக்குக் காட்டப்பட்டது அந்த முழங்கைதான்.

“இதுல நீங்க எங்கீங்க மாமா?”

“அந்தாங்க, அந்தக் கை.”

“எந்தக் கைங்க?”

மாமியார் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். “வாட்ச்சு கட்டீருக்குது பாருங்க. அது எங்கப்பன் ஊட்ல போட்டது. அத வெச்சுத்தான் நானே கண்டுபிடிச்சேன்.”

அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங் மாப்ளே, ஞாயித்துக்கெழமையானா ஒரு பீரங்கியத் தூக்கீட்டு அலையறீங்களே. அதுல கோபுரத்து உச்சி தெரியுமுங்களா?”

வாய் என்று ஒன்று எனக்கு இருக்கிறதே. அது சும்மா இருந்தால் என் வாழ்க்கையில் பாதிச் சம்பவம் நடந்திருக்காது. இந்தத் தொடரும் எழுதியிருக்க முடியாது.

“உச்சியில எறும்பு நின்னா அதோட மூஞ்சியே தெரியும் மாமா.”

“எறும்பு வேண்டாமுங்க. எம்மூஞ்சி தெரிஞ்சாப் போதும்.”

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “இத உட்டா அடுத்தது இன்னும் பன்னெண்டு வருசம் கழிச்சுத்தானுங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு அப்ப ஏறுவனோ என்னமோ” என்றார்.

அதற்குப் பிறகு எறும்பு ஜோக் எனக்கே சிரிப்பாக இல்லை.

முதுகுவலியோடு வந்த சாமான்

டிஜிட்டல் கேமரா வந்து எல்லோரும் ஃபிலிம் ரோலைப் பரணில் போட்ட காலம் அது. கோயமுத்தூரில் பத்திரிகைப் படம் எடுத்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் அந்த லென்ஸை வாங்கினேன். வெள்ளைக் குழாய். சின்னப் பம்பு மோட்டார் அளவு. முன்பக்கக் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டு மாதிரி.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். “முதுகு வலிங்க தம்பி” என்றார். லென்ஸை மட்டும் விற்கிறார் என்று நினைத்தேன். முதுகுவலியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார் என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

நாலு கிலோ என்பது அரிசியாக இருந்தால் ஒன்றுமில்லை. அரிசி பையில் அமைதியாக உட்காரும். லென்ஸின் நாலு கிலோ நீளமான நாலு கிலோ. தூக்கினால் முன்பக்கம் சாயும், விட்டால் பின்பக்கம் ஆடும், ஓடினால் விலாவில் குத்தும்.

முதல் மாதம் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தேன். கேமராவின் காதில் பட்டையைக் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அப்படி மாட்டினால் லென்ஸின் மொத்தக் கனமும் கேமராவின் மூக்கைப் பிடித்து இழுக்கும், மூக்கு பெயர்ந்து வந்துவிடும் என்று விற்றவர் சொல்லித்தான் அனுப்பினார். லென்ஸின் வயிற்றிலேயே ஒரு வளையமும் கால் மாதிரி ஒரு பிடியும் இருக்கும். பட்டையை அங்கேதான் கட்ட வேண்டும். நான் கேட்கவில்லை. என் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்த பிறகு கேட்டேன். கம்பெனியில் ஒருவன், “என்னங்ணா, ஊட்ல அடி பலமோ?” என்று விசாரித்தபோது கண்டிப்பாகக் கேட்டேன்.

டவுன் பஸ்ஸில் கைக்குழந்தை

ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் குளத்துக்கு நாரை பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஒருநாள் மொபெட் மக்கர் செய்ததால் டவுன் பஸ். உடன் சுகந்தி, என் மனைவி. நாரைக்காக வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு கடையில் வெண்ணெய் வாங்க வந்தாள்.

லென்ஸில் தூசி படக்கூடாது என்று, கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கழித்துப் போட்ட குழந்தைத் துண்டு ஒன்றில் சுற்றி எடுத்திருந்தேன். மஞ்சள் துண்டு. மூலையில் ஒரு வாத்து. கழுத்தில் மாட்டப் பயந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். உண்மையில் அதுதான் உலகத்திலேயே சுகமான முறை. கனம் உடம்போடு ஒட்டியிருந்தால் பாதி கனம் காணாமல் போய்விடுகிறது.

முன் சீட்டிலிருந்த அம்மா எழுந்துவிட்டார். “கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு நிக்கறீங்களே, உக்காருங்க சாமி.”

எனக்கு உட்கார ஆசை. அதனால் மறுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

“மூஞ்சிய இப்புடி மூடாதீங்க. மூச்சு முட்டீரும். எத்தன மாசமுங்க கண்ணு?” என்று சுகந்தியைக் கேட்டார்.

சுகந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தெரீலீங்க. செகண்ட் ஹேண்டுங்க.”

அந்த அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் ஊர் அதுதானா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

சுருக்கத்துக்குப் பயந்தவர்கள்

கும்பாபிஷேகம் நெருங்கியபோது ஜெபராஜிடம் சொன்னேன். கூட்டத்தில் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு நிற்க முடியாது, தோளில் குறுக்காகத் தொங்கவிட நல்ல பட்டை ஒன்று வேண்டும், கோயமுத்தூரில் கேட்டுப் பார்க்கலாமா என்று.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீங்க? உலகத்துக்கே துணி அனுப்புதோம். ஒரு பட்டைக்குக் கோயமுத்தூர் போகணுமாக்கும்? வெளிய சொன்னா சிரிப்பாம்லா.”

சரி என்று இரண்டு பேரும் சாம்பிள் ரூமில் உட்கார்ந்தோம். துணி ரேக்கில் கை வைத்துக் கை வைத்துப் பார்த்தோம். எது மெத்தென்று இருக்கிறதோ அதுதான் தோளுக்கு நல்லது என்பது எங்கள் விஞ்ஞானம். கடைசியில் லைக்ரா போட்ட ரிப் துணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். டீ சர்ட் கழுத்தில் வைக்கிற, இழுத்தால் இழுபடுகிற, விட்டால் சுருங்குகிற அதே துணி. இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அன்று அந்த அறையில் அப்படி யாரும் இல்லை.

வேலை மட்டும் முறைப்படி நடந்தது. முதலில் மாதிரிப் பட்டை. பிறகு அளவுப் பட்டை. டம்மி பொம்மைக்கு மாட்டிப் பார்த்து, நான் பையர் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு, “தோள்பட்டையில் அரை இஞ்ச் கூட்டுங்க” என்றேன். ஜெபராஜ் கூட்டினான். ஓரம் மடித்து இரட்டைத் தையல். நூல் கலர்கூட மேட்ச்சிங். பார்த்தால் ஏற்றுமதி செய்யலாம்.

பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

“ஷிரிங்கேஜ்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறவனை நடுராத்திரி எழுப்பினால் அவன் பூதத்துக்குப் பயப்படமாட்டான், சுருக்கத்துக்குப் பயப்படுவான். துவைத்தபின் துணி சுருங்கினால் பையர் சரக்கைத் திருப்பிவிடுவான். எங்கள் கெட்ட கனவெல்லாம் நீளத்தில் குறையும். நீளத்தில் கூடுகிற கெட்ட கனவு எங்களில் யாருக்கும் வந்ததில்லை.

ஆகவே பட்டையை வெந்நீரில் துவைத்தோம். காய வைத்தோம். அளந்தோம். மறுபடி துவைத்தோம். நூலிழைகூடச் சுருங்கவில்லை. ஜெபராஜ் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “கல்லு மாதிரி நிக்கி அண்ணாச்சி” என்றான். கை குலுக்கிக்கொண்டோம். அப்ரூவல் சீட்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டு, பட்டையில் குத்தியும் வைத்தேன்.

லென்ஸை அதில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. லென்ஸ் என்ன, துவைக்கிற சாமானா?

மொட்டைமாடி

மேலே போனால் ஊரே அங்கே இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரம் விடியும்போதே நிரம்பிவிட்டது. லென்ஸைச் சுவரில் வைக்கலாம் என்ற திட்டம் அதோடு போயிற்று.

கொண்டுவந்த மூன்றுகால் ஸ்டாண்டை விரித்தேன். விரித்த உடனே ஒரு பெரியவர் தடுக்கினார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுத் திரும்புவதற்குள் ஒரு அம்மா தன் ஒயர் கூடையை அதில் மாட்டிவிட்டார். “கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி, உள்ள தேங்காய் இருக்குது.” மூன்றாவதாக ஒரு குழந்தை அதைப் பிடித்து ஏற ஆரம்பித்தது. குடோன்காரர் வந்து கும்பிட்டார். “சாமி, யாராவது உளுந்து பல்லுப் போச்சுன்னா ஊரு என்னைத்தான் பேசும். அத மடக்கீருங்க.”

மடக்கினேன். கையில் பிடித்தே எடுத்துவிடலாம் என்று பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு லென்ஸைத் தூக்கினேன். கண்ணில் வைத்தால் கோபுரம் பூகம்பம் வந்தது மாதிரி ஆடியது. கலசம் ஒருமுறை தெரிந்தது, வானம் ஒருமுறை தெரிந்தது, யாரோ ஒருவர் மாடியில் காயப்போட்ட வேட்டி ஒருமுறை தெரிந்தது. மூச்சைப் பிடித்தால் கை நடுங்கியது. கையை இறுக்கினால் மூச்சு நடுங்கியது.

“என் தோள்ல வைங்க அண்ணாச்சி” என்றான் ஜெபராஜ்.

ஜெபராஜ் பனைமரம். அவன் தோள் என் நெற்றிக்கு மேலே. குனியச் சொன்னேன். காலைப் பாதி மடித்து நின்றான். லென்ஸை வைத்தேன். அது காதை உரசியது. அவனுக்குக் காதருகே கூச்சம் என்பது இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நாலு கிலோவும் சேர்ந்து சிரித்தது.

“சிரிக்காதடா!”

“நான் எங்க சிரிக்கேன், அது தானா வருது!”

கோபுரத்தில் சாரத்தின் மேல்தட்டில் பட்டு உருமால் கட்டிய தலை ஒன்று தெரிந்தது. மாமனார் ஏறிவிட்டார்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து சுகந்தி வந்தாள். அவள் கண்ணில் பட்டது நான், சிரிக்கும் ஜெபராஜ், மடக்கிய ஸ்டாண்ட், தரையில் சுருண்டு கிடந்த பட்டை. ஜெபராஜைத் தோளைப் பிடித்து அப்பால் தள்ளினாள்.

“என் தோள்ல வைங்க.”

“உனக்குத் தாங்காது சுகந்தி.”

“இத்தன வருசமா உங்களையே தாங்கலையா? வைங்கன்னா.”

பட்டுப்புடவையில் லென்ஸ் வழுக்கியது. ஜெபராஜ் அந்தப் பாழாய்ப்போன பட்டையை எடுத்து நாலாக மடித்து அவள் தோளில் வைத்தான். அவ்வளவுதான். லென்ஸ் தலையணையில் படுத்த மாதிரி பதிந்தது. அந்தத் துணி தொங்கவிட லாயக்கில்லை, அடியில் போடத்தான் பிறந்திருக்கிறது.

கோபுரம் ஆடாமல் நின்றது. ஆனால் லென்ஸ் அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் சுகந்தி முன்னால் குனிந்து நிற்க வேண்டும். அவள் பார்வை முழுக்கத் தரையில். முன்னால் நின்றவர்களின் குதிகால்கள்தான் அவளுக்குத் தெரிந்த கும்பாபிஷேகம்.

“எங்கப்பா என்ன பண்றாருங்க?”

“நிக்கறாரு. குடம் கைக்கு வந்துருச்சு.”

“கால்?”

“கால் கொஞ்சம் நடுங்குது.”

கோபுரம் குதித்தது. “நடுங்குதா?”

“நீ நடுங்காத! நீ நடுங்கினா அவரு ரெண்டா தெரியறாரு.”

“யாராச்சும் புடிச்சிருக்காங்களா?”

“பின்னால ஒருத்தர் இடுப்பப் புடிச்சிருக்காரு. மூச்சு விடாம நில்லு.”

அவள் நின்றாள். அவள் மூச்சு நின்றது எனக்கு லென்ஸ் வழியாகவே தெரிந்தது.

கருடன்

கும்பாபிஷேகம் என்றால் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட வேண்டும். வந்தால்தான் சாமிக்கே திருப்தி என்பது கணக்கு. தீர்த்தம் விழுகிற நேரம் பார்த்து மொட்டைமாடி முழுக்க ஒரே சத்தம்.

“கருடன்! அந்தா! கருடன்!”

அத்தனை கைகளும் மேலே போயின. பக்கத்திலிருந்தவர் என் முதுகில் தட்டினார். “தம்பி, அதத் திருப்புங்க, கருடன எடுங்க!” இன்னொருவர், “உங்க பீரங்கி இதுக்குத்தானுங்களே!” என்றார். பின்னாலிருந்து கமிட்டிச் செயலாளர், “ஏனுங், கருடனுங், கருடனுங்!” என்று ஏலம் விடுகிற மாதிரி கத்தினார்.

அந்த லென்ஸுக்கு உலகத்தில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் தெரியும். மாமனார் தெரிந்தால் கருடன் தெரியாது. கருடன் தெரிந்தால் மாமனார் இருக்கமாட்டார். கண்ணை எடுத்து ஒருமுறை மேலே பார்க்கலாம் என்று ஆசையாக இருந்தது.

“அப்பா என்ன பண்றாருங்க?” லென்ஸுக்கு அடியிலிருந்து குரல்.

“ஊத்தறாங்க” என்றேன். அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன்.

பாசம், தியாகம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். லென்ஸைத் திருப்பினால் அடியிலிருப்பவளின் கழுத்தும் சேர்ந்து திரும்பும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் அல்லவா?

எல்லாம் முடிந்து லென்ஸை எடுத்தபோது சுகந்தி நிமிர முடியாமல் நிமிர்ந்தாள். தோளில் ரிப் துணியின் கோடு கோடாகப் பதிந்திருந்தது. வானத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

“போயிருச்சுங்களா?”

“போயிருச்சு.”

சட்டத்துக்கு மேலே

படம் வந்தது. கமிட்டிச் செயலாளர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “எல்லாஞ் சரிங்க, கருடன் எங்கீங்க? ஊரே பாத்துச்சு, உங்க கேமராவுக்கு மட்டும் தெரீலீங்களா?” என்றார்.

மாமனார் நெடுநேரம் பார்த்தார். படத்தில் அவர் முகம் முழுசாக இருந்தது. தீர்த்தம் தெறித்து மீசையில் சொட்டிக்கொண்டிருந்தது. குடத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி, பம்பரம் கிடைத்த பையன் மாதிரி, நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சவரம் பண்ணீட்டு ஏறீருக்கோணுமுங்க மாப்ளே” என்றார். அன்று சாயங்காலமே சட்டம் போடக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் போனாலும் ஒரு சடங்கு உண்டு. வந்தவர் படத்தைப் பார்ப்பார். “மேல எதையுங்க பாக்கறீங்க?” என்பார். மாமனார் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்து, படத்துக்கு மேலே வெறும் சுவரைக் காட்டுவார்.

“அந்தாங்க, கருடன்.”

சுவரில் அந்த இடத்தில் ஒரு டியூப் லைட்தான் இருக்கிறது. ஆனால் அவர் காட்டுகிற விதத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். டியூப் லைட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் வீட்டில் மாமனாரும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான். சுகந்தி படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“ஏனுங்ப்பா, எந்தப் பக்கமாச் சுத்துச்சுங்க?”

“வலது பக்கமாத்தான் கண்ணு. இப்புடி வந்துச்சு.” மாமனார் விரலைத் தூக்கினார். சுவரோரமாக மெதுவாக ஒரு வட்டம் போட ஆரம்பித்தார்.

“பெருசாங்கப்பா?”

“நல்ல பெருசு. செவச் செவன்னு. நெஞ்சு மட்டும் வெள்ள. அந்தா, இப்பத் திரும்புது பாரு.”

அவள் தலை அந்த விரலோடு சேர்ந்து திரும்பியது. கோயிலைச் சுற்றி அன்று திரண்ட கூட்டத்தில் கருடனைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள், இன்னொருத்தன் நான். யாருக்கும் தெரியாமல் அவள் பின்னால் போய் நின்று, நானும் அண்ணாந்து பார்த்தேன்.